தண்ணீர் வடிந்ததும் விளக்குமாற்றைத் தொடாதீர்கள்

மழை விட்ட மறுநாள் காலையில் நம்ம ஊர் வீடுகளில் முதலில் வெளியே வருவது விளக்குமாறுதான். கூடத்தில் சேறு, சொந்தக்காரர்கள் எட்டிப் பார்க்க வருவார்கள், வீட்டை இப்படியா போட்டு வைப்பது என்று பெரியவர்கள் யாராவது ஆரம்பித்துவிட்டால் போதும், மதியத்துக்குள் தரை கழுவியாகிவிடும், ஊறிப்போன மெத்தை தெருமுனைக்குப் போய்விடும், உப்பிப்போன பிளைவுட் கதவைக் கழற்றி யாரோ விறகுக்கு எடுத்துப் போயிருப்பார்கள். எல்லாம் முடிந்து உட்கார்ந்து காப்பி குடிக்கும்போதுதான் "நமக்கு இன்சூரன்ஸ் இருக்குதில்ல?" என்று ஒருத்தர் கேட்பார். இருக்கிறது. ஆனால் சேதத்தை மதிப்பிட கம்பெனி அனுப்புகிற சர்வேயர் வரும்போது காட்டுவதற்கு ஈரச் சுவரைத் தவிர ஒன்றும் மிச்சம் இருக்காது.

நான் சேலத்தில் சின்ன அளவில் வீடு கட்டித்தருகிற சிவில் எஞ்சினியர். ஏற்காட்டிலும் சில வேலைகள் செய்திருக்கிறேன். பெருமழையோ சூறைக்காற்றோ வந்து போனால் "எஞ்சினியர் சார், இன்சூரன்ஸுக்கு ஒரு எஸ்டிமேட் வேணுங்க" என்று போன் வரும். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, வலுவிழந்து உள்நாட்டுக்குள் வந்து கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது, கீழே திருமணிமுத்தாறு நிறைந்து ஓடியது. அந்தச் சமயத்தில் பேசியவர்களில் பாதிப் பேருக்குப் பாலிசி இருந்தும் சேதத்தைக் காட்ட வழியில்லை. அதனால் சேதம் நடந்ததிலிருந்து கிளெய்ம் கொடுப்பது வரை நடுவில் என்ன செய்யவேண்டும் என்பதை எனக்குத் தெரிந்தவரை எழுதிவைக்கிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், சேதம் பெருகாமல் தடுக்கலாம், சேதத்தைச் சரிசெய்யக் கூடாது. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓடு உடைந்த இடத்தில் தார்ப்பாய் போட்டுக் கட்டுவது தடுப்பது. புது ஓடு மாற்றிவிடுவது சரிசெய்வது. தேங்கிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பது தடுப்பது. சுவரைச் சுரண்டி மறுபடி பூசுவது சரிசெய்வது. முதலாவதைச் செய்யாமல் விட்டாலும் சிக்கல்தான், ஏனென்றால் மேற்கொண்டு நஷ்டம் ஆகாமல் பார்த்துக்கொள்வது பாலிசிதாரரின் கடமை என்று பாலிசியிலேயே இருக்கும். சர்வேயர் வரட்டும் என்று மூன்று நாள் திறந்த கூரையின் கீழ் கட்டிலைப் போட்டு வைத்திருந்தால், கட்டிலுக்கு எதற்குப் பணம் என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான். தார்ப்பாய் வாங்கிய பில், மரத்தை வெட்டி அகற்றிய கூலி, மோட்டார் வாடகை எல்லாவற்றுக்கும் ஒரு துண்டுச் சீட்டாவது வாங்கி வையுங்கள். கூலிக்கு யாரும் பில் தரமாட்டார்கள் என்பது தெரியும், ஜிபேயில் அனுப்பினால் அதுவே சாட்சி.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் கரண்ட். வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது என்றால், மெயின் சுவிட்ச் காய்ந்த இடத்தில் இருந்து, நீங்களும் காய்ந்த தரையில் நிற்க முடிந்தால் மட்டும் அணையுங்கள். மீட்டர் பெட்டியே நனைந்திருந்தால் கிட்டப் போகவேண்டாம், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குப் போன் செய்தால் போதும். மலையில் வீடு என்றால் பின்பக்கத்து மண்மேட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சரிந்துகொண்டிருக்கிற மேட்டின் கீழே நின்று வீடியோ எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், கிளெய்ம் கிடக்கட்டும், இறங்கி ரோட்டுக்கு வாருங்கள்.

அடுத்தது போட்டோ, இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நான்கு குளோசப் எடுத்து அனுப்புவார்கள், எந்த வீடு, எந்த அறை, எந்தச் சுவர் என்று ஒன்றும் புரியாது. தெருவில் ஆரம்பியுங்கள். கதவு எண் தெரிகிற மாதிரி வெளியிலிருந்து நிறுத்தாமல் ஒரே வீடியோவாக உள்ளே வாருங்கள், ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலையும் தரையும் கூரையும் வரட்டும். அப்புறம் பொருள் பொருளாகப் போட்டோ: ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்கும், அதைத் தனியாக எடுங்கள். தண்ணீர் வடிந்த சுவரில் ஒரு கோடு நிற்கும் பாருங்கள், மேலே வெள்ளை, கீழே காவி, நடுவில் விரலால் தொட்டால் உதிர்கிற மெல்லிய வண்டல். அந்தக் கோடுதான் உங்கள் வீட்டில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று சொல்கிற ஒரே சாட்சி. இஞ்ச் டேப்பைத் தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் பிடித்து, எண் தெரிய ஒரு படம் எடுங்கள், ஒவ்வொரு அறையிலும். ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்தால் அந்தக் கோடு போய்விடும். எடுத்ததையெல்லாம் அன்றைக்கே உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வைத்துக்கொண்டால் தேதியும் நேரமும் அதிலேயே பதிந்துவிடும், போன் தண்ணீரில் விழுந்தாலும் கவலையில்லை.

படம் எடுத்தாயிற்று, இனிமேல் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால் அதுவும் கூடாது. மழை விட்ட மறுநாளே "பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக்" என்று வண்டி வந்துவிடும், எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ. கெட்டுப்போன மோட்டார், கிரைண்டர், டிவி எதையும் அவரிடம் போடாதீர்கள். சர்வேயர் கண்ணால் பார்க்கவேண்டும், அதோடு அந்த உடைசலுக்கு என்ன விலை போகும் என்று கணக்குப் பார்த்துக் கழிப்பதும் அவர் வேலை. நாற்றமெடுக்கிற மெத்தை, அரிசி, துணி மாதிரி வைத்திருக்கவே முடியாதவற்றை மட்டும் படமெடுத்து, பட்டியல் போட்டு, "சுகாதாரக் காரணத்தால் இவற்றை அகற்றுகிறோம்" என்று கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டிவிட்டு அகற்றுங்கள். மெத்தை உறையில் ஒரு துண்டைக் கத்தரித்து மொட்டைமாடியில் காயப்போட்டு வைத்தால் இன்னும் நல்லது. மலைப்பாதை அடைபட்டு சர்வேயர் மேலே வரமுடியாத நாட்களில், வீடியோ கால் வழியாகப் பார்த்துவிட்டுச் சுத்தம் செய்ய அனுமதி தரமுடியுமா என்று கேளுங்கள். அந்த அனுமதி வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வரவேண்டும்.

இதெல்லாம் நடக்கிற அதே நாளில் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடவேண்டும். எல்லாப் பேப்பரும் கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று காத்திருக்கத் தேவையில்லை. டோல் ஃப்ரீ எண்ணில் கூப்பிட்டு கிளெய்ம் எண் வாங்கிக்கொண்டு, அதே விஷயத்தை மெயிலிலும் அனுப்புங்கள். பாலிசியே இருக்கிறதா என்று தெரியாதவர்கள் இருக்கிறார்கள், நம்பமாட்டீர்கள். வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியில் ஐம்பது இடத்தில் கையெழுத்துப் போட்டதில் ஒன்று வீட்டு இன்சூரன்ஸாக இருந்திருக்கும், பிரீமியம் கடனோடு சேர்ந்து போயிருக்கும். பழைய கடன் பேப்பரைப் பிரித்துப் பாருங்கள், இல்லையென்றால் கிளைக்குப் போய்க் கேளுங்கள். கடன் பாக்கி இருந்தால் கட்டடத்துக்கான பணம் வங்கி வழியாகத்தான் வரும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தகவல் சொல்லும்போது வார்த்தையில் கவனம் வேண்டும். நம்ம பேச்சில் எல்லாமே "வீடு ஒழுகுதுங்க", "சுவர் ஊறிடுச்சுங்க"தான். போனை எடுக்கிறவர் அதை அப்படியே பதிந்தால், பராமரிப்பு இல்லாமல் வந்த பழைய கசிவு என்று கோப்பில் ஏறிவிடும், தேய்மானத்துக்கும் பழைய கசிவுக்கும் எந்தப் பாலிசியிலும் பணம் கிடையாது. நடந்தது என்னவோ அதை நடந்த வரிசையில் சொல்லுங்கள்: இத்தனாம் தேதி இரவு பலத்த காற்றில் சில்வர் ஓக் மரக்கிளை முறிந்து கூரையில் விழுந்தது, ஓடு உடைந்தது, அந்த வழியாக மழைநீர் இறங்கிப் படுக்கையறைப் பொருட்கள் நனைந்தன. பொய் சேர்க்கச் சொல்லவில்லை. பழைய ஒழுகலைப் புயல் கணக்கில் எழுதினால் சர்வேயர் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார், அதோடு உண்மையான சேதத்தையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்.

அவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்கிறீர்களா, விரிசலை எடுத்துக்கொள்வோம். பழைய விரிசலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒட்டடை இருக்கும், தூசி படிந்திருக்கும், போன முறை அடித்த பெயின்ட் உள்ளே இறங்கியிருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும். புது விரிசலின் ஓரம் கூர்மையாக, உள்ளே சிமென்ட் நிறம் பளிச்சென்று தெரியும். மலையில் நிலச்சரிவுக்குப் பிறகு சுவரில் விரிசல் வந்தால் உடனே டார்ச் வெளிச்சத்தில் உள்பக்கம் தெரிகிற மாதிரி படம் எடுத்துவிடுங்கள், வாரம் போனால் அதிலும் தூசி ஏறிவிடும். விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அப்புறம் அது நீண்டால் மண் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம், அந்த அறையில் படுக்காதீர்கள்.

நிலச்சரிவும் நிலம் கீழிறங்குவதும் இப்போது வீட்டுப் பாலிசியில் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசியை விற்கவேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடிப்பது வரை அதில் இருக்கிறது. காம்பவுண்ட் சுவர், கேட், தடுப்புச்சுவர், செப்டிக் டேங்க், சோலார் பலகை எல்லாம் கட்டடம் என்ற கணக்கிலேயே வரும். ஏற்காட்டில் வீட்டைவிடத் தடுப்புச்சுவருக்கு அதிகம் செலவழித்தவர்கள் உண்டு, அவர்களுக்கு இது பெரிய விஷயம். வீட்டுப் பொருட்களுக்கும் கட்டடத்துக்கு எடுத்த காப்பீட்டுத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை தானாகவே சேரும். இடிபாட்டை அள்ள, கிளெய்ம் தொகையில் 2 சதவீதம் வரை கிடைக்கும்.

கைவிரிக்கிற இடங்களும் இருக்கின்றன. புதுக் கட்டடம் இயல்பாக அமர்ந்து வருகிற விரிசல், மண் கொட்டி நிரப்பிய தரை இறங்குவது, தப்பான வடிவமைப்பு, மட்டமான வேலை, இதற்கெல்லாம் கிடையாது. மலைச்சரிவில் ஒரு பக்கம் வெட்டி அந்த மண்ணையே மறுபக்கம் தள்ளி மட்டமாக்கிக் கட்டிய வீடு என்றால் இந்த வரி உங்களைத் தேடி வரும். மழைநீர் வெளியேறத் துளையே விடாமல் கட்டிய தடுப்புச்சுவர் விழுந்தாலும் அப்படித்தான், எஞ்சினியர்களாகிய எங்களுக்கும் அதில் பங்கு இருக்கிறது. மின்சாதனம் ஷார்ட் சர்க்யூட்டிலோ அதிக மின்னழுத்தத்திலோ கருகினால், அந்த ஒரு சாதனத்துக்கு மட்டும் கிடைக்காது, அதிலிருந்து தீ பரவி மற்றது எரிந்தால் மற்றதற்குக் கிடைக்கும். ரொக்கம், பத்திரங்கள் பொதுவாக வராது, நகைக்குத் தனியாகச் சேர்த்திருக்கவேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இன்னொன்று. வீட்டிலேயே நாலு தறி ஓடுகிறதா, முன்னறையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை இருக்கிறதா, ஏற்காட்டு வீட்டை வார இறுதிக்கு ஆள் பிடித்து வாடகைக்கு விடுகிறீர்களா? கிருஹ ரக்ஷா குடியிருக்கிற வீட்டுக்கானது. தறியும் நூலும் பாவும் வெள்ளியும் தொழில் சரக்கு, அதற்குத் தனிப் பாலிசி எடுத்திருக்கவேண்டும். எடுக்காவிட்டால், சேதமான பட்டியலில் வீட்டுப் பொருளையும் தொழில் பொருளையும் கலக்காமல் தனித்தனியாக எழுதுங்கள். கலந்து எழுதினால் மொத்த வீடே தொழிற்கூடம்தானே என்று கேள்வி வரும். பாலிசி எடுக்கும்போது என்ன சொன்னோம் என்பதைப் பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் வழி.

பேப்பர் சமாசாரம் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. பத்திரம் நனைந்து போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம், பட்டா ஆன்லைனிலேயே எடுக்கலாம், வீட்டுவரி ரசீதும் அப்படித்தான். பொருட்களுக்குப் பில் இல்லையே என்று கலங்குகிறார்கள், பத்து வருடத்துக்கு முன்னால் வாங்கிய பீரோவுக்கு யார் பில் வைத்திருக்கிறார்கள்? வீட்டில் நடந்த வளைகாப்பு, காதுகுத்து ஆல்பத்தைப் புரட்டுங்கள். மாலையும் கழுத்துமாக எல்லோரும் நிற்பதற்குப் பின்னால் அந்த பீரோவும் டிவியும் நின்றுகொண்டிருக்கும். கார்டில் வாங்கியிருந்தால் வங்கிக் கணக்கு விவரம் போதும். மழைக்கு சாட்சி வேண்டுமென்றால் வானிலை ஆய்வு மையத்தின் மழை அளவும், அன்றைய சேலம் பதிப்புப் பேப்பரில் உங்கள் பகுதி பற்றி வந்த செய்தியும் எடுத்து வையுங்கள், விஏஓவிடம் ஒரு சான்று கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். தீ என்றால் தீயணைப்புத் துறை அறிக்கை. வீடு திறந்து கிடந்த நேரத்தில் திருடு போயிருந்தால் போலீஸ் புகார் கட்டாயம். சேதம் நடந்த 7 நாளுக்குள் நடந்த திருட்டு மட்டும்தான் இதில் சேரும்.

எஸ்டிமேட்டுக்கு வருவோம், இது என் பேட்டை. மேஸ்திரி டைரித் தாளில் "வீடு ரிப்பேர் மொத்தம் 3 லட்சம்" என்று எழுதித் தருவதை வைத்து யாரும் பணம் தரமாட்டார்கள். எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை சதுர அடி பூச்சு உதிர்ந்தது, எத்தனை ஓடு, எத்தனை மீட்டர் ரீப்பர், ரேட் என்ன என்று வரி வரியாக இருக்கவேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எந்தப் போட்டோ என்று ஓரத்தில் எண் போட்டுக் கொடுத்தால் சர்வேயருக்கு வேலை சுலபம், உங்களுக்கும் பேச்சு குறையும். இதுதான் சமயம் என்று ரெட் ஆக்சைடு தரைக்குப் பதில் கிரானைட் போட்டுவிடலாம் என்று எஸ்டிமேட்டில் ஏற்றச் சொல்கிறவர்கள் வருவார்கள். "அண்ணா, இருந்தது என்னவோ அதுக்குத்தாங்க காசு" என்றால் முகம் சுருங்கிவிடும். கிரானைட் போடுங்கள், வித்தியாசத்தை உங்கள் பையிலிருந்து போடுங்கள். மறுபடி கட்டுவதற்கான எஞ்சினியர் கட்டணம் கிளெய்ம் தொகையில் 5 சதவீதம் வரை பாலிசியில் கிடைக்கும். கிளெய்ம் தயாரிக்கிற செலவு கிடைக்காது, அதனால் "சதவீதம் கொடுங்க, முழுப் பணத்தையும் வாங்கித் தர்றேன்" என்று வருகிறவருக்குக் கொடுப்பது உங்கள் சொந்தக் காசு.

கிளெய்ம் படிவத்துக்குக் கெடு உண்டு, கிருஹ ரக்ஷாவில் சேதத்தைப் பார்த்ததிலிருந்து 30 நாள். எஸ்டிமேட் முழுதாக வரவில்லை என்றாலும் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள், மீதி பின்னால் வரும் என்று ஒரு வரி எழுதிவிட்டு. 2024இல் ஐஆர்டிஏஐ போட்ட உத்தரவுப்படி 24 மணி நேரத்துக்குள் சர்வேயரை நியமிக்கவேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தரவேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் கம்பெனி முடிவு சொல்லவேண்டும். பெருமழைக் காலத்தில் ஒரே சர்வேயர் மாவட்டம் பூராவும் ஓடிக்கொண்டிருப்பார், கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், ஆனால் கணக்கு இதுதான் என்று தெரிந்திருந்தால் மெயிலில் மரியாதையாக ஞாபகப்படுத்தலாம்.

அவர் வருகிற அன்று வீட்டைப் பற்றித் தெரிந்த ஆள் வீட்டில் இருக்கவேண்டும், பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். கூடவே நடங்கள். பரணில் இருந்தது, குளியலறைக்குப் பின்னால் சாய்ந்த சுவர், சம்ப்புக்குள் இறங்கிய சேறு, இதெல்லாம் நீங்கள் காட்டினால்தான் அவர் கண்ணில் படும். என்னென்ன பார்த்தார், என்னென்ன கேட்டார் என்று போன பிறகு எழுதி, அவருக்கே ஒரு மெயில் அனுப்பி வையுங்கள். டீ கொடுங்கள், கவர் கொடுக்காதீர்கள். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, எந்த வரியில் எவ்வளவு கழித்தார் என்று அதில்தான் தெரியும்.

வந்த தொகை குறைவாகத் தெரிந்தால், "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடவேண்டாம். எந்த வரியில் உடன்பாடு இல்லை என்று கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள், ஐஆர்டிஏஐயின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம், 155255க்குப் போன் செய்தும் சொல்லலாம். ஒரு மாதம் பதிலே இல்லை, அல்லது வந்த பதில் ஒத்துவரவில்லை என்றால் கம்பெனிகள் மேலான புகார்களை விசாரிக்கிற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்சம் வரையான விவகாரங்களை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள், கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போகவேண்டும். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். முதல் நாள் எடுத்த வீடியோவையும், இஞ்ச் டேப் படங்களையும், நீங்கள் அனுப்பிய மெயில்களையும் தேதி வரிசையில் கோத்துக் கொடுத்தால் போதும்.